மின்னல் பிரித்த கொலுசு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காலை நீட்டாமல் மடக்கிக்கொண்டு உட்காருங்கள், ஏனென்றால் இது காலைப் பற்றின கதை, நீட்டி வைத்த கால் இதைக் கேட்டால் பாதியிலேயே எழுந்து போனாலும் போய்விடும்.

சேலத்தில், கொலுசுப் பட்டறைகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கிற சங்கிலித் தெருவில், அந்தக் காலத்தில் நிற்கிற ஆளைப் பார்ப்பதே அபூர்வம். வளையம் கோர்ப்பவள் உட்கார்ந்து கோர்ப்பாள், நெருப்புக் குழலால் பற்றவைப்பவள் உட்கார்ந்து பற்றவைப்பாள், மணி வைக்கிறவன், மெருகு போடுகிறவன், பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ் வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றுகிறவன் என்று விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை எல்லோரும் உட்கார்ந்தே இருப்பார்கள். ஊரெல்லாம் நடந்து திரியப்போகிற கொலுசை, நடக்காத கால்கள் செய்துகொண்டிருந்த தெரு அது.

அந்தத் தெருவில் பவுனு என்று ஒரு பெண், செங்கோடன் பட்டறையில் பற்றவைக்கிறவள். செங்கோடன்தான் தெருச் சங்கத்துக்கும் தலைவர். ஒரு நாள் பவுனின் கேஸ் டியூப், எப்போதோ கிழிந்து துணி சுற்றி வைத்திருந்த இடத்தில் வெடித்து, நெருப்பு அவள் மடியில் விழாமல், மடக்கி வைத்திருந்த இரண்டு பாதங்களின் மேலும் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள், வீட்டுக்கு அனுப்பினார்கள், மறுபடி வைத்திருந்தார்கள், மறுபடி அனுப்பினார்கள். புண் மட்டும் ஆறவில்லை, கட்டுப் பிரிக்கிறபோதெல்லாம் சீழ். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இது இன்னும் மேல ஏறுச்சுன்னா விரலை எடுக்க வேண்டி வரும்மா, அதுக்கும் மேல ஏறுச்சுன்னா பாதத்தையே எடுக்கணும்" என்றார். இந்தக் கதையில் எதற்காக இத்தனை பேர் இத்தனை ஓட்டம் ஓடுகிறார்கள் என்று நடுவில் உங்களுக்கு மறந்துபோனால், பவுனின் அந்த இரண்டு பாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பவுனுக்கு ஒரு அக்கா, அல்லி. கோயமுத்தூரில் படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் மின்னலை வைத்து உலோகத்தைத் தூளாக்குகிற வேலை பார்த்தவள். தங்கையின் காலைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து, தெருக்கோடியில் மூடிக் கிடந்த மாவு மில்லை வாடகைக்குப் பிடித்து, அதற்குள் ஒரு இரும்புப் பானையைக் கொண்டுவந்து இறக்கினாள். பானைக்கு ஒரு கண்ணாடிச் சன்னல், மூடிக்குக் கீழே ஒரு ரப்பர் வளையம். உள்ளே இரண்டு வெள்ளிக் கம்பிகள் முட்டிக்கொள்ளப்போகிற ஆட்டுக்கிடா மாதிரி எதிரெதிரே நின்றன. பானைக்குள் இருக்கிற காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, எதோடும் சண்டைக்குப் போகாத ஒரு வாயுவை உள்ளே விட்டு, கரண்ட்டைத் திருப்பினால், கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு மின்னல் எழுந்து, அடித்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்று எரியும். அந்தச் சூட்டில் வெள்ளி உருகக்கூட நேரமில்லாமல் புகையாகிவிடும். புகை நகர்ந்து குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாகி, வெளியே போகிற வழியில் வைத்த வடிகட்டியில் கரி மாதிரி படியும்.

செங்கோடனின் மனைவி பாவாயி அந்தச் சன்னலில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்புள்ள, என்னத்தை உள்ள அடைச்சு வெச்சிருக்கே?"

"மின்னலுங்க பெரியம்மா."

"மின்னலையா? அதுக்குப் பேரு கீரு வெச்சிருக்கியா?"

"பிளாஸ்மான்னு சொல்லுவாங்க."

"பேரு நல்லாத்தான் இருக்குது. கடிக்குமா?"

"மூடியைத் திறந்தா கடிக்கும்."

"அப்ப எங்க வீட்டுக்காரரு சாதிதான்" என்று சொல்லிவிட்டுப் பாவாயி போனாள்.

அந்தத் தூளைத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் மஞ்சளாகும், புண்ணில் சீழ் வைக்கிற கிருமியையும் கொல்லும். வெள்ளியிலேயே பிறந்து வெள்ளியிலேயே வளர்ந்த சனங்களுக்கு அது பெரிய வேடிக்கை. "வெள்ளியைக் கரியாக்கி, கரியை மஞ்சத் தண்ணியாக்கறதுக்கா கோயமுத்தூர் வரைக்கும் போய்ப் படிச்சே?" என்று டீக்கடை வரதன் கேட்டான். அல்லி மஞ்சள் தண்ணீரில் காடாத் துணியை நனைத்து உலர்த்தி, டாக்டரம்மாவிடம் காட்டி, அவர் பார்த்துச் சரி என்ற பிறகு பவுனின் பாதங்களில் சுற்றினாள். சில வாரத்தில் சீழ் வற்றியது. ஓரங்களில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் எட்டிப் பார்த்தது. ஆனால் கட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டால் பழையபடி ஏறிவிடும் என்றார் டாக்டரம்மா.

கம்பிக்கு வெள்ளி வேண்டுமே, அதைச் செங்கோடன் பட்டறையில்தான் வாங்கினாள். புதுக்கொலுசு வாங்க வருகிறவர்கள் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பழங்கொலுசுகள் அங்கே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். கணக்குப்பிள்ளை பெட்டியை அடியோடு கவிழ்த்துத் தட்டிக் கொடுத்தான்.

இங்கேதான் கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். ஒரு பெண் வருசக்கணக்காகப் போட்டு நடந்த கொலுசில் அவள் நடை ஏறி உட்கார்ந்துவிடும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உலையில் போட்டு உருக்கினாலும் போகாது, புதுக்கொலுசுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அதனால்தான் புதுக்கொலுசு போட்ட முதல் நாள் சமைந்த பெண்ணும் குழந்தை மாதிரி தடுமாறுகிறாள். ஆனால் நெருப்பு உருக்குவது வேறு, மின்னல் பிரிப்பது வேறு. மின்னல் வெள்ளியை அத்தனை பொடிசாகப் பிரித்துவிட்டதால், நடைகளுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கட்டி, ஒரு கண்ணி, ஒரு கொக்கி இல்லாமல் போயிற்று. ஆனி மாத நடுவில், காற்று பலமாக வீசிய ஒரு பிற்பகலில், ரப்பர் வளையம் வெடிப்பு விட்டு, அல்லி பார்த்து கரண்ட்டை நிறுத்துவதற்குள் கொஞ்சம் புகை மில்லின் ஓட்டுச் சந்து வழியாக வெளியேறித் தெருவுக்குள் போனது.

முதலில் எழுந்தவன் வரதன். ஆற்றிக்கொண்டிருந்த டீயைப் பாதி ஆற்றலில் வைத்துவிட்டு, இடுப்பில் குடம் இருக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு, தெருவைத் தாண்டி, கொண்டலாம்பட்டி தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். அவன் பெண்டாட்டி பின்னாலேயே ஓடி, "எங்கய்யா போறே?" என்று கத்தினதற்கு, "திருச்செங்கோட்டு மலைக்குப் போறேன், படியேறோணும், வேண்டுதல் பாக்கி இருக்குது" என்றான். "எவ வேண்டுதலு?" என்றாள். "தெரியலியே" என்றான், நிற்கவே இல்லை.

அதற்குள் தெருவே எழுந்துவிட்டது. லாரி கிளீனர் ஒருவன் நிறைமாதக்காரி நடையில் இடுப்பில் கையூன்றிப் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனான். சாராயம் குடித்தால்தான் நேராக நடப்பேன் என்கிற கிழவர், குடிக்காமலேயே பள்ளிக்கூடத்துச் சிறுமி மாதிரி ஒற்றைக்காலில் தாவித் தாவிப் போனார். தெருவுக்குக் காவலுக்கு வந்த போலீஸ்காரர் வந்த அரைமணி நேரத்தில், தலைகுனிந்து புடவை நுனியைப் பிடித்துக்கொண்டு போகிற புதுப்பெண் நடைக்கு மாறி, லத்தியை எங்கே வைப்பதென்று தெரியாமல் திண்டாடினார். எல்லாக் காலிலும் சல் சல் என்று சத்தம், ஒரு காலிலும் கொலுசு இல்லை.

சனங்கள் எதற்குத்தான் பழகமாட்டார்கள்? ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். காலையில் எதிரே வருகிறவரைப் பார்த்துச் சாப்பிட்டாச்சா என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னிக்கு உங்க காலுல யாருங்க?" என்று கேட்டார்கள். "யாரோ கோவக்காரிங்க, குதிகாலை இடிச்சு இடிச்சு வெக்கறா" என்பார் அவர். வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டு, கூடவே நடந்துகொண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணோடு சேர்ந்து நாலு தெரு சுற்றிவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொன்னார்கள். சோற்றுத் தட்டைக் கையில் வைத்து நடந்துகொண்டே தின்றார்கள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளும் நடந்துகொண்டே கொடுத்தாள், அந்தக் குழந்தைகள் தொட்டிலையே மறந்துபோயின.

எல்லாம் சரி, வேலை என்ன ஆவது? ஆடி பிறக்கப்போகிறது, ஆடிப் பெருக்குக்குக் காவிரிக்குப் போகிற பெண்களெல்லாம் கொலுசு கேட்டு நிற்கிறார்கள், பட்டறையில் உட்காருகிற கால் ஒன்று கூட இல்லை. அப்போதுதான் சங்கிலித் தெருக்காரர்கள், உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றாத ஒரு வைத்தியம் செய்தார்கள். வெள்ளிக்கு ஒரு கேடு வந்தால் அவர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அண்டா அண்டாவாகப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரைகட்டி, பித்தளை பிரஷ்ஷை எடுத்து, ஒருவர் காலை ஒருவர் பிடித்துக்கொண்டு, கரண்டை, குதிகால், விரலிடுக்கு என்று பாக்கி விடாமல் தேய்த்தார்கள். தேய்க்கத் தேய்க்க வெள்ளிக்கு என்ன ஆகும்? அதேதான் ஆயிற்று. உள்ளே மங்கிக் கிடந்த நடைகளெல்லாம் அழுக்குப் போய், நேற்றுத்தான் பிறந்தது மாதிரி மின்னிக்கொண்டு எழுந்தன. அதுவரைக்கும் நடந்துகொண்டிருந்த தெரு, அன்று சாயங்காலம் ஓட ஆரம்பித்தது.

செங்கோடன் சங்கத்தைக் கூட்டினார். கூட்டம் மாரியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே நடந்தது, பேசுகிறவர் முன்னால் ஓட, கேட்கிறவர்கள் மூச்சு வாங்கப் பின்னால் ஓடினார்கள்.

"ஆடி ஒண்ணாந்தேதி மில்லைப் பூட்டோணும்" என்றார் செங்கோடன்.

"வளையத்தை மாத்திட்டேனுங்க பெரியப்பா, இப்ப ஒரு துளிப் புகை வெளிய வராது" என்றாள் அல்லி, கூடவே ஓடிக்கொண்டு. "பூட்டினீங்கன்னா பவுனு காலு?"

"இத்தனை காலு ஆடுது, நீ ரெண்டு காலைப் பத்திப் பேசறே."

இதைச் சொல்லும்போது செங்கோடன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணி சுற்றின அந்த டியூப் அவர் பட்டறை டியூப். பவுனைப் பார்க்க அவர் ஒரு தடவை கூடப் போகவில்லை, பாவாயிதான் தினம் ரசச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

பாவாயிக்குக் காது கூர்மை. ஊரார் கால்களெல்லாம் சத்தம் போடுகிறபோது அவள் தன் புருசன் காலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். செங்கோடன் கால் காலையில் வாசலை விட்டு இறங்கும், தெருமுனையில் எடப்பாடி பஸ் நிற்கிற புளியமரம் வரைக்கும் போகும், அங்கே நின்று துடிக்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி இழுத்து வருவார், மறுபடி போகும். சல், சல், பிறகு இடதுகால் லேசாக ஒரு இழுப்பு. சல், சல், இழுப்பு. சின்ன வயதில் கருவேல முள் ஏறின கால் அப்படித்தான் இழுக்கும். அந்த முள் ஏறின கால் பாவாயியுடையது.

அவளுக்குக் கல்யாணமான புதிதில், காவிரிக்கு அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டையில் அவளைப் பெற்றவள் சாகக் கிடக்கிறாள் என்று ஆள் வந்தது. பாவாயி கிளம்பிவிட்டாள். பட்டறையில் அவசர வேலை, கோர்க்கக் கை வேண்டும். செங்கோடன் குனிந்து அவள் காலிலிருந்து கொலுசை இரண்டையும் கழற்றிப் பெட்டியில் எறிந்துவிட்டு, "இது தேஞ்சு போச்சு, புதுசு செஞ்சு தரேன், போட்டுட்டு மகராசியாட்டம் போ" என்றார். கொலுசுக்காரன் பெண்டாட்டி வெறுங்காலோடு பிறந்த வீட்டுப் படியேறினால் தெருவுக்கே அவமானம், அது அப்போதைய முறை. அவள் நின்றாள். வேலை முடிந்தது, புதுக்கொலுசு வரவில்லை, சாவுச் சேதி வந்தது. அப்புறம் பாவாயி கொலுசே போடவில்லை. அந்தப் பழைய ஜோடியை உருக்க மனசு வராமலும், எடுத்துக் கொடுக்க வாய் வராமலும், செங்கோடன் பெட்டியின் அடியிலேயே விட்டு வைத்திருந்தார். கணக்குப்பிள்ளை அடியோடு கவிழ்த்தான் என்று சொன்னேனே, அப்போது அதுவும் போனது.

பாவாயி பவுனின் கட்டிலோரம் நின்று, நிற்க முடியாமல் கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டு, அவளிடம் சொன்னாள்: "வரதன் திரும்பி வந்துட்டான், பாத்தியா? மலை மேல ஏறி முடிச்சு வந்தவன் காலு சப்பணம் போட்டு உட்காருது. பாதியில இழுத்துட்டு வந்தவனுங்க காலுதான் அடங்கல. இதெல்லாம் எங்கியோ போகோணும்னு கிளம்பி, நடுவுல கழட்டிப் போட்ட நடைங்க பவுனு. போய்ச் சேர்ந்தா அடங்கிரும்."

"அப்ப விட்டுர வேண்டியதுதானுங்களே பெரியம்மா?"

"உங்க பெரியப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் பாவாயி. கட்டோடு படுத்திருந்த பவுனு அன்றைக்குத்தான் ரொம்ப நாளுக்கப்புறம் சிரித்தாள்.

ஆடி ஒன்று பிறந்தது. செங்கோடன் காலைப் பட்டறைத் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் காலில் ஏறியிருந்த நடையை முந்தின நாளே அது போக வேண்டிய இடத்தில் விட்டுவிட்டுத் திரும்பியிருந்த பாவாயி வந்து, "சங்கிலியை அவுத்துட்டு வாங்க, பூட்டும் சாவியும் நான் எடுத்துக்கறேன்" என்று நல்ல பிள்ளையாகச் சொன்னாள். தெருவே கூடி மில்லைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அல்லி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், அவள் கால் மட்டும் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. செங்கோடன் பூட்டைக் கதவில் மாட்டி அமுக்கினார். "சாவி" என்று கையை நீட்டினார்.

பாவாயி சாவியை முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டு, புளியமரத்தைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், சாவியைக் குடு."

"வாங்க, தரேன்."

அவர் பின்னால் போனார். பின்னால் போக அவர் கால் காத்துக்கொண்டுதான் இருந்தது. புளியமரத்தை அடைந்தார்கள், எடப்பாடி பஸ் வந்தது, பாவாயி ஏறினாள். செங்கோடன் படியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிசம் பல்லைக் கடித்துப் பார்த்தார், கால் அவரை உள்ளே தூக்கிப் போட்டுவிட்டது. சங்கத் தலைவரே போகிறார் என்று பார்த்ததும் தெரு தன் கால்களை இழுத்துப் பிடிப்பதை விட்டுவிட்டது. ஏற்காட்டுக்கு ஒருவர், மேட்டூருக்கு ஒருவர், அடுத்த தெருவில் பேச்சுவார்த்தை இல்லாத அக்கா வீட்டுக்கு ஒருவர் என்று காற்றில் உதிர்ந்த மாதிரி திசைக்கொருவராகப் போய், சங்கிலித் தெரு காலியாகிவிட்டது.

பஸ்ஸில் கண்டக்டர், "ஏனுங்க, சீட்டுதான் இருக்குதே, உட்காருங்க" என்றார்.

"உட்கார முடிஞ்சா நான் எதுக்கப்பா பஸ்ஸேறறேன்?" என்று சொல்லிக்கொண்டே செங்கோடன் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்தார், எடப்பாடி வரைக்கும் நடந்தார், பஸ் மாறிப் பூலாம்பட்டி வரைக்கும் நடந்தார், பரிசலில் நடக்காதீர்கள் கவிழ்ந்துவிடும் என்று பரிசல்காரன் திட்டத் திட்ட நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டு காவிரியைத் தாண்டினார்.

பாவாயி பிறந்த அந்த வீடு இப்போது வீடாக இல்லை. சுவர் விழுந்து, யாருடைய ஆட்டுக்குட்டியோ கட்டிக் கிடந்தது, வாசற்படிக் கல் மட்டும் அதே கல். சல், சல், இழுப்பு. சல், சல், இழுப்பு. செங்கோடனின் இடதுகால் அந்தக் கல்லைத் தொட்டதும் சத்தம் நின்றது. கயிறு அறுந்த மூட்டை மாதிரி அவர் அங்கேயே உட்கார்ந்தார். ஆட்டுக்குட்டியைப் பார்த்துக்கொண்டே, "உங்கம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பாவாயி. "நீங்க கொஞ்சம் தாமசமா வந்துட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரை விட்டு இறங்கின நடை, போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர்ந்து, ஆனால் பார்க்க வந்தவளைக் காணாமல், வாசலில் சல் சல் என்று அங்குமிங்கும் அலைந்தது. பாவாயி செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைக் காட்டினாள். அது முகர்ந்து பார்த்துவிட்டு ஏறிக்கொண்டது. தன் நடை தன் காலுக்குத் திரும்பி வந்தால் யாருக்குத்தான் நடக்கத் தோன்றாது? ஆற்றங்கரை தெரிந்தது, அவள் நீச்சல் பழகின படித்துறை தெரிந்தது, காலும் துடித்தது. அவள் ஒரு அடியும் எடுத்து வைக்காமல் அசையாமல் நின்று, "என்னைத் தூக்குங்க" என்றாள்.

"என்னது?"

"ஒரு அடி வெச்சாலும் இது செலவாயிரும். பவுனுக்குக் கொண்டு போகோணும். தூக்குங்க."

"ஊரு சிரிக்கும் பாவாயி."

"சிரிக்கட்டும். என் காலைக் கட்டிப் போட்டப்ப யாரும் சிரிக்கல, இப்பவாவது சிரிக்கட்டும்."

தூக்கினார். முதுகில் சுமந்து பரிசலில் ஏற்றினார், பஸ்ஸில் ஏற்றினார், மடியில் வைத்துக்கொண்டு அவள் பாதம் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு வந்தார். சங்கிலித் தெருவில், காலில் ஏறின நடையைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பின சனங்கள் வாசலுக்கு வாசல், எத்தனையோ நாளுக்கப்புறம், ஆசையாக உட்கார்ந்திருந்தார்கள். வியர்த்துக் கொட்ட வந்த தலைவரைப் பார்த்து வரதன், "மாப்பிள்ளை, பொண்ணு எந்த ஊருங்க?" என்று கத்தினான். தெருவே சிரித்தது. "நெரிஞ்சிப்பேட்டை" என்று முதுகிலிருந்தபடியே பாவாயி பதில் சொன்னாள்.

"பட்டறைக்குத்தானே?" என்றார் செங்கோடன், மூச்சு வாங்க.

"பவுனு வீட்டுக்கு."

அவர் நின்றுவிட்டார். அவள் குதிகாலால் அவர் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டினாள். நடந்தார். அன்றைக்குத்தான் செங்கோடன் அந்தப் பாதங்களைப் பார்த்தார். பார்க்காமல் எப்படி இருப்பது, பாவாயியைக் கட்டிலில் இறக்கி, அவள் உள்ளங்கால்களைப் பவுனின் கட்டுப் போட்ட உள்ளங்கால்களோடு சேர்த்துப் பிடிக்க வேண்டியவரே அவர்தானே. மஞ்சள் துணிக்குள் ஒரே ஒரு தடவை சல் என்றது.

"பெரியம்மா, எங்கியோ கூசுது" என்றாள் பவுனு. கட்டுக்கு வெளியே அவள் சுண்டுவிரல் அசைந்தது.

"கூசட்டும். புண்ணு ஆறற வரைக்கும் துணிக்குள்ளயே கிடக்கட்டும், அப்புறமா எடுத்து நட."

பிறகு புண் ஆறியது, விரல் ஒன்றையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை, பவுனு எழுந்து நடந்தாள், இன்றைக்கும் அவள் வருவது அந்த இழுப்பிலேயே தெரிந்துவிடும். அதெல்லாம் பிறகு. அன்றைக்குச் செங்கோடன் பவுனின் காலடியில் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவாயி முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியை அல்லி கையில் கொடுத்தாள். அல்லி மில்லுக்கு ஓடினாள். அவள் போன பிறகு பாவாயி கட்டிலை விட்டு இறங்கி, புருசனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அவர் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கிற, கொலுசுக்குக் கால் அளக்கிற நூலை உருவி எடுத்து அவர் கையில் வைத்து, இரண்டு வெறுங்கால்களையும் அவர் மடிமேல் நீட்டினாள்.